மூன்றாம் மாடிப் பைப்

கனடாவின் மொன்றியல் நகரத்து லாசாலில், கால்வாய்ப் பக்கத்து மூன்றுமாடிக் கட்டடத்தில், நியாகிம் வீட்டுக் குளியல்தொட்டிப் பைப்பில் தண்ணீருக்குப் பதிலாகச் சுத்திகரிக்காத மசகு எண்ணெய் வரத் தொடங்கியது 2014ஆம் ஆண்டு, ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை. வெளியே குளிர் மைனஸ் பதினெட்டு. எண்ணெய் உடம்புச் சூட்டில் வந்தது. அதே வீட்டின் குசினிப் பைப்பில் தண்ணீர்தான் வந்தது. மற்ற இருபத்திரண்டு வீடுகளிலும் தண்ணீர்தான். நேர் கீழே குடியிருந்த மன்னார் அஞ்சலீனாவின் சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டளவில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. அவள் கதிரை வைத்து ஏறி, தொட்டு, மணந்து பார்த்துவிட்டு மேலே போனாள்.

அஞ்சலீனாவும் நியாகிமும் ஒன்பது வருடமாக ஒரே மேசையின் இரு முனைகளில் நின்று ஆஸ்பத்திரி விரிப்புகளை மடிக்கிறவர்கள். சலவைத் தொழிற்சாலை இரண்டு தெரு தள்ளி இருந்தது. மெசின் பழுதாகும் நாட்களில் விரிப்பைக் கையால்தான் பிழிய வேண்டும். எதிரெதிரே நின்று, ஒருத்தி 'தூர்ன்', திருப்பு, என்று பிரெஞ்சில் சொல்ல, ஒருத்தி வலமும் மற்றவள் இடமுமாக முறுக்குவார்கள். அந்த வேலை மணிக்கட்டை முறித்துவிடும், அல்லது இரும்பாக்கிவிடும். இவர்கள் இருவருக்கும் இரும்பாகியிருந்தது. நியாகிம் தென் சூடான்காரி. இருவரும் சேர்ந்து உடைத்து வைத்திருந்த பிரெஞ்சில் விரிப்பு மடிக்கத் தேவையான சொற்கள் இருந்தன, செத்தவர்களை எண்ணத் தேவையான சொற்களும் இருந்தன. அதற்கு மேல் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்தப் பிரெஞ்சு போதவில்லை. மலைமேல் இருக்கும் சூசையப்பர் கோயிலில் எண்ணெய்ப் போத்தல் வாங்கி நோவுக்குப் பூசுகிற பழக்கம் அஞ்சலீனாவுக்கு இருந்தது. சுவரிலிருந்து தானாக எண்ணெய் வந்தால் அது கடவுள் செய்த புதுமைதான் என்று எடுத்துக்கொண்டாள். அதைத் தொட்டு முழங்காலில் சிலுவை போட்டாள், பங்குக் கோயிலில் சொன்னாள். ஞாயிறு பூசை முடிந்ததும் பெண்கள் வெறும் சோடாப் போத்தல்களோடு படிக்கட்டில் வரிசையாக நின்றார்கள். சிலர் அழுதார்கள். அழுகிறவர்களைக் கண்ட நியாகிம், தன் ஊரில் நடப்பது இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, துக்கம் விசாரிக்க வந்திருக்கிறார்கள் என்று எண்ணி, ஒவ்வொருவருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். மூன்று ஞாயிறு இப்படிப் போயிற்று. நெற்றியில் போட்ட சிலுவைகள் எந்தச் சவர்க்காரத்துக்கும் போகவில்லை.

பிழையைத் திருத்தியவர் கட்டடத்தைப் பராமரிக்கும் மகேந்திரராசா. "அக்கா, இது சூசையப்பர் தந்த எண்ணெய் இல்லை. ஆறு வருஷம் குவைத்தில எண்ணெய் ஏத்துற பவுசர் லொறி ஓடினவன் சொல்லுறன். மெழுகுதிரிக்குக் கிட்டக் கொண்டு போகாதேங்கோ."

"அப்ப என்னெண்டு என்ர முழங்கால் நோ குறைஞ்சது?"

"கிறீஸ் போட்டால் கதவுப் பிணைச்சலும் கீச்சிடாதுதானே."

அதற்குப் பிறகுதான் அஞ்சலீனா நியாகிமிடம் சரியாகக் கேட்டாள். நியாகிம் அவளுடைய காதைப் பிடித்துக் குழாயோடு வைத்தாள். உள்ளே ஒரு பெண் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். நியாகிமின் தங்கை நியாடாக், தென் சூடானில், நெஞ்சளவு தண்ணீரில், நாணல் காட்டுக்குள் நின்றாள். ஊருக்குப் பக்கத்தில் எண்ணெய்க் கிணறுகள் இருந்தன. கிணறு வைத்திருப்பவனிடம் துவக்கு இருந்தது; துவக்கு வேண்டியவனுக்குக் கிணறு வேண்டியிருந்தது; ஊர் நடுவில் இருந்தது. முந்திய மார்கழியில் சண்டை தொடங்கி ஊர் எரிந்தது. தொலைபேசி செத்துப்போய், பைப் மட்டும் மிஞ்சியிருந்தது. பைப்பில் எண்ணெய் வேகமாக வரும் நாட்களில் வெடிச்சத்தமும் கிட்டக் கேட்டது.

சித்திரையில் ஒரு எண்ணெய் நிறுவனத்தின் ஆள் கழுத்துப்பட்டியோடு வந்தான். கட்டட உரிமையாளரோடு பேசி, பைப்பின் கைபிடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, பெருவிரல் தடிப்பில் ஒரு பித்தளைத் தண்டை மட்டும் மிச்சம் விட்டான். யன்னல் வழியாகக் குழாய் இறங்கியது. பின்ஒழுங்கையில் பவுசர் நின்றது. குடியிருப்பவர்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு என்று சொன்னான். எப்படிப் பிரிப்பது என்று சொல்லவில்லை, அது மறதியில்லை. கட்டடத்துக்கு இரண்டு படிக்கட்டுகள். பைப் ஏறும் சுவர் எங்களுடையது என்றார்கள் இடது படிக்காரர். கொதிகலன் எங்கள் பக்கம் என்றார்கள் வலது படிக்காரர். இடதுக்கு அஞ்சலீனாவின் புருஷன் தேவதாசன் தலைவரானார், வலதுக்கு மகேந்திரராசா. இருபது வருடம் மீன்குழம்பு கைமாறிய வீடுகளுக்கு நடுவே சீமெந்து மூட்டைகள் அடுக்கப்பட்டன. முதலில் கார்க் கண்ணாடிகள் உடைந்தன. பிறகு ஹொக்கி மட்டைகள் வந்தன. ஆனியில், மான் வேட்டைத் துவக்குகள் இரண்டு படிக்கும் வந்து சேர்ந்தன. இரண்டையும் கொண்டுவந்தது ஒரே பவுசர்தான் என்று பிற்பாடு தெரிந்தது. நியாகிமை எவரும் எதுவும் கேட்கவில்லை.

சர்வதேசக் கண்காணிப்பாளர்கள் மூவர் ஆடியில் வந்தார்கள். வெளிர்நீலத் தொப்பி, மடக்குக் கதிரை, படிவக் கட்டு. மூன்றாம் மாடி வாசலில் உட்கார்ந்து வெள்ளிக்கிழமை தோறும் ஒரு அறிவித்தல் ஒட்டினார்கள். முதல் கிழமை அதில் கவலை என்றிருந்தது. இரண்டாம் கிழமை ஆழ்ந்த கவலை. மூன்றாம் கிழமை மிக ஆழ்ந்த கவலை. அஞ்சலீனாவுக்கு அந்தச் சொல் புதிதல்ல. வன்னி கடைசி யுத்தத்தில் எரிந்தபோது, தமிழ்ப் பத்திரிகைகளில் ஒவ்வொரு கிழமையும் அதைத்தான் வாசித்தாள். அந்தக் கவலையின் ஆழத்தில் அவளுடைய தம்பி டெனிஸ்டன் காணாமல்போனான். இடது படியில் குடியிருந்த பத்திநாதரை இரண்டாம் மாடி வளைவில் எவரோ சுட்டபோது கண்காணிப்பாளர் நேரத்தை எழுதினார்: பிற்பகல் மூன்று பத்து. சுட்டது யார் என்று எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. இரண்டு பொலிஸ் அதிகாரிகள் வந்து, சீமெந்து மூட்டைகளைச் சுற்றி நடந்து பார்த்து, இது உள்வீட்டு விவகாரம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஆவணி முடிவில் பவுசரின் குழாய் ஒருநாள் அடைத்துக்கொண்டது. இரண்டு மணித்தியாலம் எண்ணெய் சொட்டாகத்தான் வந்தது. அந்த இரண்டு மணித்தியாலமும் வெடிச்சத்தம் இல்லை என்று நியாகிம் சொன்னாள். துவக்குக்காரரின் லொறிகள் எஞ்சினை நிறுத்தியதைக்கூடத் தங்கை கேட்டு, குழாய்க்குள் சொல்லியிருக்கிறாள். அஞ்சலீனா அதை மேசையில் விரிப்பு மடித்தபடியே யோசித்தாள். இங்கே ஓடினால்தான் அங்கே ஓடுகிறது. பூட்டினால் நிற்கும். நியாகிமும் அதை முன்பே யோசித்திருந்தாள். பூட்டினால் மூச்சுச் சத்தமும் நின்றுவிடும் என்பதால் வாய் திறக்காமல் இருந்தாள்.

புரட்டாதியில் ஒரு வியாழக்கிழமை மத்தியானம் பைப் அலறியது. எண்ணெய் தொட்டியை நிறைத்து நிலத்தில் வழிந்தது. நியாகிம் குழாயில் காதை வைத்து, ஒவ்வொரு சொல்லாக உடைத்துச் சொன்னாள்: லொறி வரிசை. நாணலுக்கு நெருப்பு. கிட்ட. அஞ்சலீனா வாசலில் இருந்த கண்காணிப்பாளரிடம் ஓடினாள்.

"மிசியே, பைப்பைப் பூட்டுங்கோ. ஒரு நிமிஷ வேலை."

"மதாம், பைப் திறந்திருப்பதை நாங்கள் பதிவு செய்திருக்கிறோம்."

"உங்களுக்குக் கை இருக்குத்தானே?"

"இருக்கிறது. அதற்கு ஆணை இல்லை."

அவர் கெட்டவர் இல்லை, கண் கலங்கியிருந்தது. கலங்கியபடியே நேரத்தை எழுதினார்.

அஞ்சலீனா ஒரு விரிப்பை நனைத்து, கயிறாக்கி, பித்தளைத் தண்டில் சுற்றினாள். ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மற்றதை நியாகிமிடம் நீட்டினாள். "நீ சொல்லாமல் நான் முறுக்கமாட்டன்" என்றாள். நியாகிம் ஒற்றைக் கையால் முனையைப் பிடித்துக்கொண்டு, காதைக் குழாயிலிருந்து எடுக்காமல் நின்றாள். எண்ணெய் கணுக்காலைத் தொட்டது. இடது படியில் காலடிச் சத்தம் கேட்டது. வலது படியிலும் கேட்டது. மாதக்கணக்கில் எதிலும் ஒத்துப்போகாத இரண்டு பக்கமும் பைப் பூட்டப்படக் கூடாது என்பதில் ஒத்துப்போயின. தேவதாசன் பனி அள்ளும் சவளோடு கதவை உதைத்தார். அவருக்குப் பின்னால் மகேந்திரராசா துவக்கோடு நின்றார்.

"விடடி! பூட்டினியெண்டால் எல்லாம் போச்சு!" என்று கத்தினார் தேவதாசன்.

"அடிக்கிறதெண்டால் அடியுங்கோ, கை விடமாட்டன்" என்றாள் அஞ்சலீனா. "கிளிநொச்சியில என்ர தம்பி கேற்றைப் பிடிச்சுக்கொண்டு, போகாதேங்கோ எண்டு கத்தினவன். ஐநாவின்ர வெள்ளை வாகனத்துக்குள்ள இருந்தவங்களும் இப்பிடித்தான் பாத்துக்கொண்டு இருந்தவங்கள். நீங்களும் நிண்டு பாருங்கோ. கதிரை வேணுமெண்டால் வாசல்ல கிடக்கு."

தேவதாசனின் சவள் உயர்ந்த இடத்திலேயே நின்றது. கிளிநொச்சிச் செய்தி வந்த அன்று மச்சானுக்காகச் சுவரில் தலையை முட்டி அழுதவர் அவர். மகேந்திரராசா துவக்கைப் பார்த்தார். அது யார் தந்தது என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தவர் போலிருந்தது.

"தூர்ன்" என்றாள் நியாகிம்.

ஒருத்தி வலம், மற்றவள் இடம். தண்டு கால்வட்டம் திரும்பியது, அரைவட்டம் திரும்பியது. எண்ணெய் நூலாகி, சொட்டாகி, நின்றது. லொறிகள் திரும்புகின்றன என்று நியாகிம் சொன்னாள். திரும்புகின்றன, திரும்புகின்றன என்று மூன்று தரம் சொன்னாள். அதற்குப் பிறகு குழாயில் ஒன்றும் கேட்கவில்லை.

முறுக்கை விட்டால் தண்டு மெல்ல மெல்லத் திறந்துகொள்ளும் என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. ஆகவே யாராவது பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், பதினொரு வருடமாக. நிறுவனம் அந்த வருட நத்தார்ப் பண்டிகைக்கு முன்பே குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. வேறொரு ஊரில் வேறொரு பைப் கிடைத்திருக்கும். சீமெந்து மூட்டைகளால் பின்வாசலில் ஒரு நடைபாதை போட்டார்கள். மகேந்திரராசாவுக்குச் செவ்வாயும் வெள்ளியும் முறை. தேவதாசனுக்கு, அவர் வேலை செய்யும் கோழிக்கடையின் விடுமுறை நாட்கள். கண்காணிப்பாளர்களின் ஆணை ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்படுகிறது. புதிதாக வருபவர்களுக்கு அஞ்சலீனா தேத்தண்ணி கொடுத்து, கழிவறை எங்கே என்று காட்டுகிறாள்.

நியாகிமின் முறை காலை ஆறு மணிக்கு முடிகிறது. அஞ்சலீனா தொட்டி விளிம்பில் வந்து உட்கார்ந்து கேட்பாள்: "எண்ணெய் வந்ததோ?" நியாகிம் தமிழிலேயே சொல்லுவாள்: "இல்லை." "சத்தம்?" "இல்லை." பிறகு விரிப்பின் முனை கைமாறும். விரிப்பை மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிறார்கள்; பழையதை இருவரும் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய் மற்றவற்றோடு சேர்த்துத் தோய்க்கிறார்கள்.