பூஜிதாவின் ஷிப்ட்

ஆர்.எஸ்.புரம் பட்டுக்கடையில் ஷிப்ட் போடும் சாப்ட்வேரை அமைக்கும் பாடு சூப்பர்வைசர் பிரவீனாவின் தலையில் விழுந்தது. எல்லாருக்கும் சாப்பாட்டுக்கு அரைமணி விட வேண்டும், எந்தக் கவுண்டரும் காலியாக இருக்கக் கூடாது. இரண்டே விதிகள்தான். எத்தனை தடவை அழுத்தினாலும் ‘ஆள் போதவில்லை’ என்று திரை சிவந்தது. அந்தக் கம்ப்யூட்டருக்கு இருந்த நேர்மைகூட முதலாளிக்கு இல்லை.

“புது ஆளெல்லாம் கெடையாதுங்க அம்மணி. இன்னைக்கே முடிச்சுப்போடுங்க” என்றார் அவர்.

வேறு வழி தெரியாமல், போன மாதம் வேலையை விட்டு நின்ற பூஜிதாவின் பெயரை மறுபடி சேர்த்தாள். திரை பச்சையானது.

மறுநாள் மதியம், காலையிலிருந்து கவுண்டரில் நின்றபடியே இருந்த விற்பனைப் பெண் தெய்வாத்தாள் மொபைலை நீட்டினாள்.

“ஏனுங்க அம்மணி, சாப்பாட்டுக்கு என்னை மாத்திவிட பூஜிதா வருவான்னு போட்டிருக்குதுங்களே. திரும்பச் சேந்துட்டாளுங்களா?”

மற்ற ஐந்து கவுண்டர்களிலும் பெண்கள் சாப்பாட்டு டப்பாவோடு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.