மஞ்சள் நிறைய இருக்கு

சிவபாலனுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? சிட்னியில் அரியரத்தினம் முதலாளியின் இறக்குமதிக் கிட்டங்கியில் மூட்டை சுமந்து, மிளகாய்த் தூசியில் தும்மித் தும்மித் தொழில் பழகியவன் அவன். எழுபத்தாறில் மெல்பேர்னில் கிளை திறக்கும்போது பொறுப்பு தனக்குத்தான் என்று நம்பியிருந்தான். அந்த நேரம் பார்த்துத்தானா மதராஸிலிருந்து பார்த்தசாரதி தொழில் பழக வந்து சேர வேண்டும்?

வந்த கையோடு எல்லாருக்கும் செல்லப்பிள்ளை! மத்தியானச் சாப்பாடு எல்லாருக்கும் முதலாளி வீட்டில்தான்; அவன் சைவம் என்று முதலாளியம்மா தனிச்சட்டியில் பருப்பு வைத்தாள். சிவபாலனுக்கு அந்த வீட்டில் யாரும் எதையும் தனியாகச் சமைத்ததில்லை. "தம்பிக்கு நல்ல கைராசி" என்று முதலாளி வேறு சொல்லித் தொலைத்தார்.

கிட்டங்கியில் ஒரு பழக்கம். எந்தச் சாமானையும் 'இல்லை' என்று வாய்விட்டுச் சொல்லக்கூடாது. சொன்னால் லட்சுமி போய்விடுவாளாம். தீர்ந்துபோனால், 'நிறைய இருக்கு, நாளைக்கு வாங்கோ' என்பார்கள். நம்முடைய ஆட்களுக்கு அது விளங்கும். வெள்ளைக்காரரிடம் மட்டும் உள்ளதைச் சொல்லிவிட வேண்டும். இது சிவபாலனுக்கு நன்றாகவே தெரியும்.

மஞ்சள் தீர்ந்திருந்த சமயத்தில் பிளாக்டவுன் ஊறுகாய்த் தொழிற்சாலைக்காரர் போன் எடுத்தார். பார்த்தசாரதி ரிசீவரைப் பொத்திக்கொண்டான்.

"மஞ்சள் இருக்கான்னு கேக்கறார். என்ன சொல்றது?"

"நிறைய இருக்கு, நாளைக்கு வாங்கோ எண்டு சொல்லும். இஞ்ச அதுதான் வழக்கம்."

"வெள்ளைக்காரருக்குமா?"

"ஓம், ஆருக்கெண்டாலும்."

மறுநாள் லொறி வந்துவிட்டது. சிவபாலன் மிளகாய் மூட்டைகளுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தான். வெள்ளைக்காரர் கத்தினார். பார்த்தசாரதி முகம் வெளிறி மன்னிப்புக் கேட்டான்; ஆனால் ஓடி ஒளியவில்லை. கடுகு ஊறுகாய் போடுகிறவருக்குக் கடுகும் வேண்டுமே என்று, விலைபோகாமல் கிடந்த கடுகு மூட்டையைப் பிரித்து அள்ளிக் காட்டினான். அடுத்த கப்பல் மஞ்சள் முதலில் அவருக்குத்தான் என்றான். லொறி கடுகோடு போனது. அதுவும் கைராசிதானா!

"வெள்ளைக்காரனிட்ட இப்பிடிச் சொல்லச் சொல்லி ஆர் உமக்குச் சொல்லித் தந்தது?" என்று முதலாளி கேட்டார்.

"சிவபாலன் அண்ணாதான் சார். எல்லாமே அவர்தான் பொறுமையா சொல்லித் தர்றார்."

அதில் குத்தல் எதுவுமில்லை. அதுதான் சிவபாலனால் தாங்க முடியவில்லை. முதலாளி அவனை நிதானமாக ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பி மெல்பேர்னுக்குப் போகட்டும். நீர் இஞ்சயே நில்லும். அடுத்த மாசம் இன்னொரு பெடியன் வாறான். அவனை நான் பழக்கிக்கொள்ளுறன்."

மத்தியானம் பார்த்தசாரதி பெட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். மிஞ்சிய பருப்பை முதலாளியம்மா சிவபாலனின் தட்டில் வழித்துப் போட்டாள். சனியன், நன்றாகத்தான் இருந்தது.