குழாய் கீழ போகுது

துளை போடும் எந்திரம் முதல் தூணுக்கான குறிக்கு மேல் வந்து நின்றபோது, ஆர்க்கிடெக்டின் கொழுந்தன் வேலியோரமாக ஓடிவந்தான். நிலம் அளப்பவன். வழக்கமாக ஆடி அசைந்து வருகிற ஆள்.

"அண்ணி, நிறுத்தச் சொல்லுங்க. குழாய் கீழ போகுதுன்னு போன்ல சொன்னேன்ல?"

"சொன்ன. அதான் கீழப் பக்கம் முழுக்கக் காலியா விட்டிருக்கேனே."

"ஐயோ, கிழக்க இல்ல அண்ணி. மண்ணுக்குக் கீழ. அந்த மிஷினுக்கு நேர் கீழ."

ஆர்க்கிடெக்டுக்கு அப்போதுதான் உறைத்தது. பிறந்த வீட்டில் கிழக்கைக் கீழ என்றே கேட்டு வளர்ந்த காது. பழைய வரைபடம் கைக்கு வரட்டும் என்று பொறுக்காமல், அந்த ஒரு சொல்லை நம்பிக் கட்டடத்தை மேற்கே தள்ளி வைத்திருந்தாள். ஊருக்கே குடிநீர் கொண்டுபோகும் குழாய் அது. உடைந்தால், இங்கே வீடு கிடைக்கக் காத்திருப்பவர்கள் குடியிருக்கும் பக்கத்துத் தகரக் கொட்டகைகள் ஒன்றும் மிஞ்சாது. கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியவர்கள் கவிழ்வது இப்படித்தான்.

கையை வீசிக் கத்திக்கொண்டே ஓடினாள். எந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? துளைக்கருவி மண்ணைக் கிளறத் தொடங்கிவிட்டது. கீழே கிடந்த செங்கல்லை எடுத்து ஓட்டுநர் அறையின் கண்ணாடியில் விட்டெறிந்தாள். எந்திரம் நின்றது. ஓட்டுநர் இறங்கி வந்து வாய்க்கு வந்தபடி திட்டினார். அத்தனையும் அவளுக்கு இனித்தது.

இனிப்பு நிலைக்கவில்லை. ரயில் பாதைக்கும் கால்வாய்க்கும் நடுவே ஆப்பு போலக் குறுகிப் போகும் நிலம் அது. வெள்ளம் வருமென்று வீடுகளைத் தூண்களின் மேல் ஏற்றியிருந்தாள். செலவு கட்டுப்படாது என்று லிஃப்ட் இல்லை. தரையில், மேடான மூலையில், ஒரே ஒரு வீடு. அது கொட்டகையில் குடியிருக்கும் தையல்காரம்மாவுக்கு. அவள் கணவருக்கு இரண்டு கால்களும் விளங்காது. இப்போது குழாயை விட்டு விலகக் கட்டடத்தைக் கிழக்கே நகர்த்தினால் அந்த மேட்டு மூலை வெளியே போய்விடும், தரை வீட்டுக்கு இடமிருக்காது.

"நடுவுல மேடா விட்டிருக்கிற காத்து வழிய அடைச்சுட்டா அங்க தரையோட ஒரு வீடு வந்துரும் மேடம்," என்றார் காண்ட்ராக்டர்.

"அடைச்சா மாடியில இருக்கிற எல்லாரும் வெந்து சாவாங்க."

"அப்ப அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லிருங்க."

தையல்காரம்மா கொட்டகை வாசலில் கணவரின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். கலவரத்தையும் வீடு பற்றிய பேச்சையும் கேட்டு முகம் வெளுத்திருந்தது.

"எங்க வீட்ட மாத்திட்டீங்களாம்மா?"

"ஆமாக்கா."

"எங்க?"

"மேல," என்றாள் ஆர்க்கிடெக்ட்.

"அவ்வளவுதானா? மேலப் பக்கம்னா சாயங்கால வெயில் அடிக்கும். அடிக்கட்டும், துணி காயும்." அவள் கணவரின் தோளைத் தட்டினாள். "கேட்டீங்களா, வீடு போகல."

அப்படியே விட்டுவிடலாமா என்று ஆர்க்கிடெக்டுக்கு ஒரு கணம் ஆசை வந்தது. அந்த ஆசையை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

"மேற்க இல்லக்கா. மூணாவது மாடி."

தையல்காரம்மாவின் கணவர்தான் பேசினார்.

"ஒரு தடவ தூக்கிட்டுப் போய் விட்டுருங்கம்மா. அப்புறம் நான் இறங்கப் போறதில்ல. கடைசியா இறக்குறவங்க இறக்கிக்கட்டும்."

தையல்காரம்மா அவர் வாயைப் பொத்தினாள்.