பத்து நிமிடக் குலுக்கல்

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது, வேதியியலில். அதை வைத்துக்கொண்டு ஆறு மாதமாக ஓட்டல் பாரில் கண்ணாடிக் கோப்பை கழுவினேன். அன்று மதியம் பார் திறக்குமுன் எனக்குப் பரீட்சை. தேறினால் கவுன்டருக்குள் நிற்கலாம். இல்லையென்றால் மறுபடியும் தொட்டிதான்.

கேள்வி ஒன்றே ஒன்று: ஜின் ஃபிஸ் என்கிற காக்டெயில். ஜின், எலுமிச்சைச் சாறு, சர்க்கரைப் பாகு, கிரீம், முட்டை வெள்ளைக்கரு, ஐஸ். ஷேக்கரில் போட்டுப் பத்து நிமிடம் நிறுத்தாமல் குலுக்கி, கோப்பையில் வடித்து, சோடா விட்டால் நுரை விளிம்புக்கு மேல் ஒரு விரல் எழும்ப வேண்டும். சரிந்தால் போச்சு.

பத்து நிமிடம் ஒரு ஆளால் ஆகாது, கை விறைத்துவிடும். பக்கத்தில் நிற்பவரிடம் தள்ளிவிடுவதுதான் பார் வழக்கம். நான்காவது நிமிடத்தில் ஷேக்கரை நீட்டினேன். பார்மேன்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டார்கள்.

"டிகிரி வாங்கின கையாச்சே, வலிக்குமா என்ன?" என்றான் தாடிக்காரன்.

"உன் வாய்க்கு இருக்கிற பலம் கையில இல்லன்னு சொல்லு!" என்றேன், குலுக்கிக்கொண்டே.

"நிறுத்தினா அவ்வளவுதான்" என்றார் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மேனேஜர், கடிகாரத்தைப் பார்த்தபடி.

கோபத்திலேயே இன்னும் ஒரு நிமிடம் ஓடியது. அப்போது துவைத்த நாப்கின்களோடு உள்ளே வந்தாள் சலவை அறையில் வேலை பார்க்கும் என் சித்தி. பின்னால் அவள் கூட்டாளிகள் இரண்டு பேர்.

"என்னடி, பேய் பிடிச்ச மாதிரி ஆடுற?"

"பேசாத சித்தி. இதப் பிடி, நிறுத்தாம ஆட்டு!"

"ஐயோ, ஜில்லுனு விரல் ஒட்டிக்குதுடி!"

ஈரப் போர்வையை உதறுகிற கை அது. இடுப்பும் சேர்ந்து ஆடியது. "அக்கா, பிடி!" என்று அடுத்தவளுக்குத் தள்ளினாள். அவள் குலுக்கிய வேகத்தில் கொண்டை அவிழ்ந்து, ஊசி பறந்து மேனேஜர் மடியில் விழுந்தது. எனக்குச் சிரிப்பில் வயிறு வலித்தது.

"இவங்க பார் ஆளுங்க இல்லையே" என்றார் அவர்.

"பக்கத்துல நிக்கிறவங்க வாங்கணும், அதானே சார் வழக்கம்? பக்கத்துல நின்னது இவங்கதான்."

பத்து நிமிடம் முடிந்ததும் வடித்தேன். சோடாவை நூலாக விட்டேன். நுரை விளிம்பைத் தொட்டது, தாண்டியது, ஒன்றரை விரல் உயரத்துக்கு வெள்ளை வெளேரென்று நின்றது.

மேனேஜர் கை நீட்டுமுன் சித்தி எடுத்துவிட்டாள். ஒரு வாய். வெள்ளை மீசை.

"ஐஸ்கிரீம் மாதிரி இறங்குது, ஆனா காது சூடாகுதேடி!"

கோப்பை கூட்டாளிகளைச் சுற்றி, கடைசியில்தான் மேனேஜரிடம் வந்தது. மிச்சத்தைக் குடித்தார். நுரையை விரலால் வழித்து நக்கினார்.

"நாளையிலருந்து கவுன்டர்ல நில்லு."

"இன்னிக்கே நிக்கிறேன்" என்றேன். நின்றேன்.