நிமிசத்துக்கு நாப்பது பிஸ்மி

...இல்ல, இந்தக் கோழிக்கும் றஸ்மி பிஸ்மி சொல்லல்ல, வாயெடுக்க முன்ன அடுத்த கழுத்து வந்து நிக்கிது, அதுக்குப் பாதிதான், அதுக்கு அடுத்ததுக்கு வெறும் மூச்சு, நிமிசத்துக்கு நாப்பது கோழி சங்கிலியில தொங்கிக்கொண்டு வந்தா மனிசன் எப்பிடி நாப்பது தரம் அல்லாஹ்ட பேரச் சொல்லுற? முந்தநாள் வரைக்கும் இருவத்தஞ்சுதான், நேத்து வேகத்தக் கூட்டினவன் இந்த சூப்பவைசர் பாயிஸ், வெக்கைக்குக் கூட்டுக்குள்ளயே கோழி சாகுதாம், சாக முன்ன அறுத்து முடிக்கணுமாம்... ஏன்டா, வெக்கைக்கு நாங்களும்தானே சாகிறம், எங்கள எங்கடா தொங்கவிடப் போறாய்? றஸ்மிட மணிக்கட்டு விறைச்சு மூணு மாசம், சோறு பிசைஞ்சா சூடு தெரியிதில்ல, பெருவிரல்ல கத்தி பட்ட காயம் இன்னும் சீழ் வடியுது, டொக்டர் மூணு குளிசை மாத்திட்டார், கோழிக்குக் குடுக்கிற மருந்துக்கே கிருமி பழகிட்டுதாம், இனி உனக்கு எதக் குடுக்கிற எண்டு அவரே கேக்கிறார். மாவடிப்பள்ளி வயல ரெண்டு போகம் கண்ட நேரத்து மழை கொண்டு போகாட்டி இந்த நாத்தத்துக்குள்ள ஆர் வந்திருப்பான்!

சங்கிலி நிண்டிட்டுது, பகல் லுஹர் தொழுகைக்கு பாங்கு சொல்லப் போறாங்க, பாயிஸ் கடதாசியோட வாறான், அறுத்த கோழியெல்லாம் பிஸ்மி சொல்லி அறுத்தது எண்டு றஸ்மி கையெழுத்து வைக்கணும், வெச்சாத்தான் பக்கட்டில ஹலால் எண்டு ஒட்டுவாங்க, அத நம்பித்தான் கல்முனைச் சனம் புள்ளையளுக்கு ஆக்கிக் குடுக்கிற. இண்டைக்கு வைக்கிறல்ல... வைக்காட்டி நாளைக்கு வேலை இல்ல, பொஞ்சாதி நிப்லாக்கு என்ன சொல்லுற?

"மறந்து விட்டுப்போனா ஹலால்தான் றஸ்மி காக்கா, மௌலவிமாரே சொல்றாங்கதானே. வையுங்க."

"மறக்கல்ல தம்பி, நேரமில்ல."

"ரெண்டும் ஒண்டுதான். உங்களுக்கு ஏலாட்டி சொல்லுங்க, வெளியில பத்துப் பேர் நிக்கிறான்."

ரெண்டும் ஒண்டாமே, படுபாவி, மறதியையும் இவன் மிசினில போட்டு எடுக்கிறான், அந்தப் பேனைய வாங்கி மூஞ்சில எறியணும், எறிவான், இந்தா எறியப்போறான்... விறைச்ச விரல் பேனையப் பிடிச்சுக் கடதாசியில வெச்சிட்டுது. எந்தக் காரியம் தொடங்கினாலும் சின்ன வயசில இருந்து வாற பழக்கம், வாய் தன்பாட்டில அசைஞ்சிது, ஆறுதலா, ஒரு எழுத்தும் விழுங்காம, பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்... காலையிலிருந்து றஸ்மி முழுசாச் சொன்னது இது ஒண்டுதான்.