பொங்கியண்ணன் ஏறினால் எரியும் விளக்கு

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கமலாம்பாளுக்குக் காபியே இறங்கவில்லை. பனியன் வேஸ்ட் என்கிற கழிவுத் துணி வாங்கும் வியாபாரி அமானுல்லா, கிளம்பிவிட்டேன் என்பதற்கு அடையாளமாக ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிட்டார். பழைய காரும் வாங்கி விற்பவர் அவர். வந்ததும் அவளுடைய காரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். பேச்சு முடித்தது அவள் புருஷன் பொங்கியண்ணன்.

எல்லாம் காரின் ஸ்டியரிங்குக்கு எதிரே எரியும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகளால் வந்த வினை. பேட்டரி, ஆயில், பிரேக் என்று மூன்று. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மூன்றும் சேர்ந்து பல்லைக் காட்டும். மனசு வந்தால் அணையும். மெக்கானிக் முனீஸ் பலமுறை பார்த்துவிட்டான். "ஆயிலு, பேட்டரி, பிரேக்கு எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. எங்கிட்ட வந்தா வெளக்கு எரிய மாட்டேங்குதே" என்று கையை விரித்துவிட்டான்.

"நடு ரோட்டுல நின்னுபோச்சுன்னா என்ன பண்றது புள்ள? இதை வித்துப்போட்டுப் புதுசு எடுத்துக்கலாம். ஒரு டிரைவரைப் போட்டுக்கலாம்" என்றார் பொங்கியண்ணன்.

டிரைவராம் டிரைவர்! அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பதைத் தாண்டியபின், இந்த வருஷம்தான், முதலிபாளையம் தொழிற்பேட்டை ரோட்டில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்க்க அவள் ஓட்டிப் பழகிய கார் இது. அவர்களுடைய சின்ன பனியன் கம்பெனிக்காக நூலுக்கும் சாயப்பட்டறைக்கும் அலைவது அவள்தான். பொங்கியண்ணனுக்கு மொபெட்டுக்கு மேல் எதுவும் ஓட்ட வராது. டிரைவர் வந்துவிட்டால் அவள் பின்சீட்டில் பொட்டணம் மாதிரி உட்கார்ந்து போக வேண்டியதுதான்.

கடைசியாக ஒரு தடவை ஸ்டார்ட் செய்து பார்த்தாள். ஒரு விளக்கும் எரியவில்லை. நேற்றுச் சாமளாபுரம் வரை தனியாகப் போய்வந்தாள், அப்போதும் எரியவில்லை. முந்தாநாள் கோயிலுக்குப் போனபோது எரிந்தது. கணியூர்க் கல்யாணத்துக்குப் போனபோது வழியெல்லாம் எரிந்தது. கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் கூட வந்தது யார்?

"ஏனுங்க! ஓடியாங்க! வந்து வண்டீல உக்காருங்க!"

பொங்கியண்ணன் பனைமரம் மாதிரி ஆள். துண்டை உதறிக்கொண்டு வந்து, உடம்பை மடக்கி அவளுக்குப் பக்கத்து முன்சீட்டில் உட்கார்ந்தார். மூன்று விளக்கும் எரிந்தன.

"எறங்குங்க!"

அணைந்தன.

"ஏறுங்க!"

எரிந்தன. கமலாம்பாள் கைகொட்டிச் சிரித்தாள்.

"என்ன புள்ள, நான் ஏறுனா வண்டிக்குக்கூடப் பிடிக்கலையா?"

"முட்டிங்க! உங்க முட்டிதானுங்க!"

அவருடைய முட்டி எதிரே இருந்த டேஷ்போர்டு பலகையை அழுத்திக்கொண்டிருந்தது. அவரை இறக்கிவிட்டுக் கையால் அழுத்தினாள், எரிந்தது. எடுத்தாள், அணைந்தது. முனீஸ் ஒற்றை ஆளாக ஓட்டிப் பார்த்திருக்கிறான், பின்னே எப்படி எரியும்? வண்டியை அணைத்துவிட்டு, டார்ச்சோடு அவர் கால் வைக்கும் இடத்தில் தலையைக் கொடுத்து, பலகைக்கு அடியில் கையை விட்டுத் துழாவினாள். மெத்தென்று ஏதோ தட்டுப்பட்டது. இழுத்தாள். பந்தாகச் சுருட்டிய பனியன் வேஸ்ட்! அது நெருக்கி நெருக்கி, வயர்கள் இரும்பு விளிம்பில் உரசித் தோலுரிந்து, செம்பு பளபளத்தது. முட்டி அழுத்தும்போதெல்லாம் செம்பு இரும்பில் பட்டு விளக்கு எரிந்திருக்கிறது.

திருப்பூரில் ஆடுகிற மேசைக்கும் ஒழுகுகிற குழாய்க்கும் பனியன் வேஸ்ட்தான் வைத்தியம். சரி, வைத்தியர் யார்? துணியை விரித்தாள். ஆரஞ்சுக் கோடு. சித்திரையில் அவர்கள் கம்பெனியில் தைத்த ஆர்டர். விளக்கு எரிய ஆரம்பித்ததும் சித்திரையில்தான். அந்த வேஸ்ட்டில் ஒரு கை அள்ளி, மொபெட் துடைக்க என்று வீட்டுக்குக் கொண்டுவந்தது ஒரே ஒருவர்.

"ஏனுங்க, இது நம்ம ஆரஞ்சுக் கோடுதானுங்களே?"

பொங்கியண்ணன் தரையைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து அமானுல்லா உள்ளே வந்தார்.

"ஏனுங்கக்கா, வேஸ்ட்ட எனக்குப் போடாம காருக்குப் போட்டுட்டீங்களா?"

கமலாம்பாள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள். சொல்ல வேண்டியதெல்லாம் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"அந்தப் பக்கம் கடகடன்னு சத்தம் வந்துட்டே இருந்துச்சு" என்றார் பொங்கியண்ணன் மெல்ல. "நீ அப்பத்தான் ஓட்டிப் பழகுனே. சத்தம் கேக்கறப்பவெல்லாம் பயந்து வண்டிய நிறுத்திப்போடுவே. சத்தம் இல்லீன்னா தைரியமா ஓட்டுவேன்னு அடைச்சு வெச்சேன். அப்பறம் மறந்தே போச்சு புள்ள."

நாக்கு நுனியில் இருந்தது அப்படியே உள்ளே போய்விட்டது. பயம் தானாகத் தெளிந்தது என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தவள் அவள். சிரிப்பும் வந்தது, கண்ணிலும் தண்ணீர் வந்துவிட்டது.

வயர்களுக்கு டேப் சுற்றினாள். மறுபடி ஸ்டார்ட் செய்து, "ஏறுங்க" என்றாள். அவர் முட்டி இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு விளக்கும் எரியவில்லை. வண்டி வாசலைத் தாண்டியதும் பழைய கடகட சத்தம் கேட்டது.

"சத்தம் வருது புள்ள."

"வரட்டுங்க" என்று அவள் கியரை மாற்றினாள்.

"அக்கா, காரு?" என்று பின்னால் ஓடிவந்தார் அமானுல்லா.

கமலாம்பாள் ஜன்னல் வழியாக அந்த ஆரஞ்சுப் பந்தை அவரிடம் வீசினாள். "இதைக் கொண்டுபோங்க தம்பி!"