தலைமாட்டுக் கயிறு

"ஒன்னாம் நம்பர்ல யார் பேர எழுதட்டும்மா?" என்று ராஃபன் மறுபடியும் கேட்டார். பேனா முனை சிறிய சீட்டின் மேல் காத்துக்கொண்டிருந்தது. அடக்க வேலையை நடத்தித் தருபவர் அவர். அடுத்த அறையில் எல்ஸ்பெத்தின் தம்பி அலிக் கேய் பெட்டிக்குள் கிடந்தான்.

"பிர்னி," என்றாள் எல்ஸ்பெத்.

ராஃபன் எழுதவில்லை. பெட்டியைக் குழிக்குள் இறக்கும் எட்டுக் கயிறுகளில் ஒன்றாம் நம்பரான தலைமாட்டுக் கயிறு மகனுடையது. ஃபிட்டி மீனவக் குப்பத்தில் பிறந்த குழந்தைக்கும் அது தெரியும்.

"மகன் நார்மன் இருக்காரே…"

"இருக்கான். நீங்க பிர்னின்னு எழுதுங்க."

அவள் யாருக்கும் காரணம் சொல்பவளல்ல. அபர்டீன் சந்தைக்கே தெரிந்த காரணம்தான். அவளுடைய பூட்டி முதுகில் கூடை சுமந்து போய்த் திறந்தவெளிச் சந்தையில் மீன் விற்றவள். பிறகு கூரை போட்ட சந்தை வந்தது. கேய் வீட்டுக்கும் அதில் ஒரு கடை வந்தது. ஒருமுறை சந்தை தீப்பிடித்து எரிந்தபோது, மறுநாள் காலையில் புகை அடங்காத தெருவிலேயே கூடையை இறக்கி வைத்து ஹாடக் மீன் விற்றாள் பூட்டி. தீயால் மூட முடியாத கடையை நார்மன் மூடினான். கடைத்தெருவில் புதிதாக வந்த பேரங்காடியில் உறைய வைத்த மீன் பொட்டலம் அடுக்கும் வேலைக்குப் போய்விட்டான். அலிக் ஒற்றை ஆளாகக் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்தான், முதுகு விட்டுப்போயிற்று.

நார்மன் போன அன்று சந்தை நடுவில் நின்று அலிக் கத்தினான்: "பொட்டல மீனத் தொட்ட கை என் கயித்தத் தொடக்கூடாது!" அத்தனை கடைக்காரர்களும் கேட்டார்கள். நாலு பேர் முன்னால் விழுந்த சொல். இப்போது நகரசபை சந்தையையே இடித்துக்கொண்டிருந்தது. கூரை இறங்கிய வாரத்தில் அலிக்கின் உயிரும் போயிற்று.

சந்தையில் பக்கத்துக் கறிக்கடை வைத்திருந்த பிர்னி கருப்புக் கோட்டில் மூச்சிரைக்க வந்தார். சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தலைமாடா? எல்ஸ்பெத், ஒன் தம்பி இருந்த வரைக்கும் ஒரு மீன் தலையக்கூட எனக்கு ஓசியில குடுத்ததில்ல. இப்ப அவன் தலையையே எங்கிட்ட குடுக்குறியே!"

"நீங்க மட்டும் என்ன, எலும்புக்குக்கூட காசு வாங்குன ஆளு."

பிர்னி சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நார்மன் வந்தான். அவன் அப்பாவைப் பார்த்துவிட்டு நேராக அத்தையிடம் வந்தான்.

"அத்தே, எனக்கு எத்தனாம் நம்பர்?"

"உனக்குக் கயிறு இல்ல."

"ஒன்னுகூடவா?"

"ஒன்னுகூட."

"ஆறு வருசத்துக்கு முன்னாடி கோவத்துல சொன்னது அத்தே. கடைசியா வந்தப்ப என் கையப் புடிச்சுக்கிட்டுத்தான் தூங்குனாரு."

"சொன்னத ஊரறியச் சொன்னான். திருப்பி வாங்குனத ஊரறிய வாங்கலையே. இந்த வீட்டுல வாக்கு மாறுனதில்ல."

அவன் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பு அலிக்குடையதுதான். எல்ஸ்பெத் ராஃபன் பக்கம் திரும்பினாள்.

"வண்டி சந்தை வழியாத்தான் போகணும். எங்கம்மாவோட பெட்டி போன வழி."

"அங்க இடிக்கிறாங்கம்மா. புழுதியா இருக்கும்."

"இருக்கட்டும்."

பாதிரியார் சுருக்கமாக ஓதி முடித்தார். ஆண்கள் பெட்டியைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் கல்லறைக்குப் போகும் வழக்கமில்லை. எல்ஸ்பெத் பன்றித் தொடைக்கறி ஹாமை வெட்டினாள். ரொட்டியில் வெண்ணெய் தடவினாள். சன்னலுக்கு வெளியே துறைமுக வாய் வழியாக ஒரு மீன்படகு உள்ளே வந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர்கள் திரும்பி வந்தபோது பிர்னியைக் காணவில்லை.

"பிர்னி எங்க?"

ராஃபன் தொப்பியைக் கழற்றினார். "சந்தைகிட்ட வண்டிய நிறுத்தச் சொன்னாரும்மா. சுவரெல்லாம் விழுந்து, அவரு கடை மட்டும் வெட்டவெளியில நின்னுச்சு. வெள்ளை ஓடு பதிச்ச சுவரு, கொக்கி எல்லாம் அப்படியே. இறங்கிப் போய்ப் பாத்துக்கிட்டே நின்னாரு. எவ்வளவு கூப்பிட்டும் வரல. பாதிரியார் கல்லறையில காத்திருந்தாரு, நாங்க கெளம்பிட்டோம்."

"அப்ப தலைமாடு?"

ராஃபன் நார்மனைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

"இவருகிட்டதான் கயித்த நீட்டுனேன். கைய பின்னால கட்டிக்கிட்டாரு. அத்தை வேண்டாம்னு சொல்லியிருக்காங்கன்னாரு. குழிக்கு மேல பெட்டி நிக்குது, என்ன செய்யறது… எங்க வண்டி ஓட்டுற பையன் புடிச்சான்."

எல்ஸ்பெத் மருமகன் பக்கம் திரும்பினாள். அவன் கோட்டைக் கழற்றவில்லை. முகத்தில் கோபமுமில்லை.

"நீங்க சொன்னபடியே நடந்துச்சு அத்தே," என்றான். "வர்றேன்."

கதவு சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

கேய் வீட்டில் தலைமாட்டுக் கயிறு பிடித்தவனுக்குத்தான் முதல் விஸ்கி. அவன் குடித்த பிறகே மற்றவர்கள் வாயில் வைப்பார்கள். ஆண்கள் சுவரோரமாக நின்று காத்திருந்தார்கள். எல்ஸ்பெத் ஊற்றினாள். ஒரு துளி சிந்தவில்லை. முதுகு வளையாமல் அறையைக் கடந்து, வாசலோரம் நின்ற வண்டிக்காரனிடம் போனாள்.

"ஒங்க பேரு என்ன?"

"இயன், அம்மா."

"எடுத்துக்குங்க இயன்."

"தப்பா நெனைக்காதீங்கம்மா. வண்டி ஓட்டணும். டோரியில இன்னொரு அடக்கம் இருக்கு."

அவன் தொப்பியை வைத்துக்கொண்டு வெளியே போனான். நீட்டிய கோப்பை நீட்டியபடியே இருந்தது. யாரும் தங்கள் கோப்பையை எடுக்கவில்லை. மேசைமேல் ஹாம் துண்டுகளின் ஓரம் காயத் தொடங்கியிருந்தது.